மூன்று பேர் குழு, முதல் ஆல்பம்: மேடையில் நிறையும் ஒலி பதிவில் ஏன் மெலிகிறது?

கேள்வி சுருக்கமாக இது. கிதாரும் பாட்டும் ஒருவர், பேஸ் கிதார் ஒருவர், டிரம்ஸ் ஒருவர் என மூவர் மட்டும் உள்ள ஆல்டர்நேட்டிவ் ராக் குழு. பத்துப் பாட்டு தயார். முதல் ஆல்பத்துக்கு எட்டு நாள் ஸ்டுடியோ பேசியாகிவிட்டது. மேடையில் நிறைந்து நிற்கும் ஒலி டெமோவில் ஒல்லியாக, நடுவில் ஏதோ காணாமல் போனதுபோல் வருகிறது. இன்னொரு கிதார்காரரைச் சேர்ப்பதா, இருக்கிற கிதாரையே நாலைந்து தடவை அடுக்குவதா?

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். டெமோவில் காணாமல் போனது நாலாவது ஆள் இல்லை. பெரும்பாலும் அது பேஸின் மேல்பாதி.

மேடையில் இந்தக் குறை தெரியாததற்குக் காரணம் சத்தம். சத்தம் கூடக்கூட நம் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அறையின் எதிரொலியும், ஒலிபெருக்கும் பெட்டியான ஆம்பிலிருந்து நேராக நெஞ்சில் இடிக்கும் பேஸும் சேர்ந்து மிச்ச இடைவெளியை மூடிவிடும். அதே பாட்டை வீட்டில் மிதமான சத்தத்தில் கேட்டால் முதலில் மறைவது அடி ஒலி. பேஸின் கடைசி ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். கிதாரின் ஈ 82 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் இரண்டையுமே ஒழுங்காகக் கொடுக்காது. அதில் பேஸ் கேட்க வேண்டுமானால் அதன் மேல் அதிர்வுகள், அதாவது 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் உறுமல், பதிவில் இருந்தாக வேண்டும். பிக் மஃப் மாதிரி நடுப்பகுதி குழிந்த டிஸ்டார்ஷன் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்பெட்டி) கிதாரில் போட்டு, பேஸில் வெறும் அடி ஒலியை மட்டும் வைத்தால் 250 முதல் 900 வரை யாருமே இல்லை. அந்தக் காலியிடம்தான் 'ஒல்லி' என்று காதில் விழுகிறது.

இதை உறுதிசெய்ய டெமோவை இரண்டு விதமாகக் கேளுங்கள். ஒன்று, போனில். பேஸ் முழுசாக மறைந்தால் மேலே சொன்னதுதான் நோய். இரண்டு, கிதாரை மியூட் செய்துவிட்டு பேஸும் டிரம்ஸும் மட்டும். கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) எங்கே மாறுகிறது, கோரஸ் எங்கே வருகிறது என்பது அந்த இரண்டிலேயே தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்னால் பேஸ் வரிகளைத் திருத்தி எழுத வேண்டும். மிக்ஸிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது.

பேஸிலிருந்தே தொடங்குவோம். பேஸ்காரரிடமிருந்து வரும் சிக்னலை டி.ஐ. பாக்ஸில் (ஆம்ப் இல்லாமலே சிக்னலைப் பதிவுக்கு அனுப்பும் பெட்டி) இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று எந்தப் பெடலும் இல்லாமல் நேராக இன்டர்ஃபேஸுக்கு (கணினியோடு இணைக்கும் பதிவுப் பெட்டி). மற்றொன்று டிஸ்டார்ஷன் பெடல் வழியாக ஆம்புக்கு, அதன் முன் ஒரு மைக். டிஸ்டார்ஷன் பாதையில் 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். அடி ஒலியைச் சுத்தமான பாதை பார்த்துக்கொள்ளும். உறுமல் வேலை மட்டும் இரண்டாவதுக்கு. மியூஸ் குழுவின் கிறிஸ் வோல்ஸ்டன்ஹோம் பேஸில் கேட்கும் அந்தப் பெரிய ஒலிக்கு அடிப்படையும் சுத்தமான சிக்னலோடு டிஸ்டார்ஷனைக் கலப்பதுதான். பேஸ் முழுவதையும் ஒரே பெடலுக்குள் தள்ளினால் பல பெடல்கள் அடி ஒலியைத் தின்றுவிடும். அறையில் பிரமாதமாகத் தோன்றும், பதிவில் காலால் அடிக்கும் கிக் டிரம் தனியாக நிற்கும்.

கலக்கும் அளவு: முதலில் சுத்தமான பாதையையும் கிக்கையும் மட்டும் வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு டிஸ்டார்ஷனை மெல்ல ஏற்றி, போனில் ஒவ்வொரு தட்டும் கேட்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2 டெசிபல் இறக்குங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும், பேஸை யாரும் தனியாகக் கேட்கப் போவதில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. இரண்டு பாதையையும் சேர்த்தால் பேஸ் பெரிதாவதற்குப் பதில் சிறுத்துப்போகும். காரணம் நேர வித்தியாசம். ஒலி ஒரு மீட்டர் கடக்க கிட்டத்தட்ட 2.9 மில்லி செகண்ட் எடுக்கும். ஆம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி மைக் வைத்தால் டி.ஐ.யை விட ஏறக்குறைய 0.9 மில்லி செகண்ட் தாமதம். ஆம்ப் சிமுலேட்டர் பிளகின் (ஆம்ப் ஒலியைப் போலச்செய்யும் மென்பொருள்) போட்டால் இன்னும் கூடலாம். 100 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 10 மில்லி செகண்ட். 5 மில்லி செகண்ட் தள்ளிப்போனால் அந்த ஒலி இரண்டு பாதையிலும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடும். அலையைப் பெரிதாக்கி, ஒரு தட்டின் தொடக்கத்தை இரண்டு டிராக்கிலும் பாருங்கள். பிந்தியதை இழுத்து முந்தியதோடு ஒட்டவையுங்கள். பிறகு ஒரு டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸுக்கென்று ஆம்ப் கிடைக்காவிட்டால் கிதார் ஆம்பையே டிஸ்டார்ஷன் பாதைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அடி ஒலியை ஆம்புக்குள் போவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், சத்தமும் மிதமாக இருக்க வேண்டும். கிதார் ஸ்பீக்கரின் கோன் பேஸின் அடி ஒலியைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. ஒரே மாலையில் கிழித்துவிடலாம், வாடகைக்கு எடுத்த ஆம்பாக இருந்தால் அதற்கான பணமும் உங்கள் தலையில்.

ஸ்ட்ரிங் புதிதாக இருக்கட்டும். ரவுண்ட்வவுண்ட் (வட்டக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கைப் பதிவுக்கு முதல் நாள் மாட்டி, இழுத்து விட்டு, ட்யூன் நிலைக்க விடுங்கள். ஆறு மாதப் பழசில் அந்த 700 - 1000 பகுதி செத்துப் போயிருக்கும். இல்லாத ஒலியை எந்த ஈக்வலைசரும் கொண்டுவராது. விரலா பிக்கா என்றால் வேகமான பாட்டுகளுக்குப் பிக். கம்பிரசர் (ஓங்கிய ஒலியை அடக்கும் கருவி) 4:1 விகிதம், அட்டாக் (அது அடக்க எடுக்கும் நேரம்) 20 - 30 மில்லி செகண்ட், 4 முதல் 6 டெசிபல் குறையும் அளவு. அட்டாக் நேரத்தை 1 மில்லி செகண்டுக்குக் கொண்டுபோனால் தட்டின் முனையே மழுங்கிவிடும்.

அடுத்தது, கிதார் சோலோ வரும்போது என்ன ஆகிறது என்பது. மூவர் குழுக்களின் டெமோ பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சரியும்: கிதார் மேலே போனதும் கார்டு காணாமல் போகும், பேஸ் ஒற்றைச் சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். சோலோவின்போது பேஸ் இரண்டு சுரங்களை ஒன்றாக வாசிக்க வேண்டும். எந்த இரண்டு என்பதில்தான் விஷயம். ஏ மேஜர் கார்டுக்கு ஈ ஸ்ட்ரிங்கின் 5ஆம் ஃபிரெட்டில் (கழுத்துக் கட்டத்தில்) ஏ, அதோடு ஏ ஸ்ட்ரிங்கின் 4ஆம் ஃபிரெட்டில் சி ஷார்ப் என்று பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் கலங்கிய இரைச்சல்தான் வரும். 55, 69 ஹெர்ட்ஸ் இரண்டும் அவ்வளவு ஆழத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதே சி ஷார்ப்பை ஒரு ஸ்தாயி மேலே, ஜி ஸ்ட்ரிங்கின் 6ஆம் ஃபிரெட்டில் பிடியுங்கள். கார்டு தெளிவாகக் கேட்கும். மைனராக வேண்டுமா, அதே ஸ்ட்ரிங்கில் 5ஆம் ஃபிரெட். இந்த ஒரு கை வடிவத்தைக் கழுத்து முழுக்க நகர்த்தினாலே பாதி சோலோக்கள் பிழைத்துவிடும். டைனோசர் ஜூனியர் என்ற மூவர் குழுவில் லூ பார்லோ பேஸைக் கிதார்போலக் கார்டாக அடித்து வாசிப்பதைக் கேளுங்கள். கிதார்காரர் ஜே மாஸ்சிஸ் எவ்வளவு நேரம் சோலோவில் இருந்தாலும் பாட்டு காலியாவதில்லை.

இனி கிதார். கிதார்காரர் ஆறாவது, ஐந்தாவது ஸ்ட்ரிங்கில் பவர் கார்டு (அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்), பேஸ்காரர் அதே சுரம்: இதுதான் இயல்பாக எல்லாரும் செய்வது. அப்போது இரண்டு பேர் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க, மேலே யாரும் இல்லை. மூவரில் கிதாருக்கு அடி ஒலி தேவையில்லை. மேல் நான்கு ஸ்ட்ரிங்கில் கார்டு பிடியுங்கள், திறந்த ஸ்ட்ரிங்குகளை ஒலிக்க விடுங்கள். ஒரு வடிவம் சொல்கிறேன்: ஈ மேஜர் வடிவத்தை 5ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்துங்கள், ஆனால் ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் பார் போடாமல் மேலிரண்டு ஸ்ட்ரிங்கைத் திறந்தே விடுங்கள். ஆறாவதில் 5, ஐந்தாவதிலும் நான்காவதிலும் 7, மூன்றாவதில் 6. ஏ மேஜரோடு ஒன்பதாம் சுரமும் சேர்ந்து ஒலிக்கும். ஒரே கிதார் இரண்டு கிதார்போலப் பரவும். போலீஸ் குழுவில் ஆண்டி சம்மர்ஸ் இந்தத் திசையில்தான் வெகுதூரம் போனார்: ஒன்பதாம் சுரம் சேர்ந்த அகலமான கார்டுகள், மேலே எக்கோ. மினிட்மென் இன்னும் கறாரான உதாரணம். கலிபோர்னியாவின் சான் பெட்ரோவைச் சேர்ந்த அந்த மூவரில் டி. பூன் தன் கிதாரின் அடி ஒலியை வேண்டுமென்றே குறைத்து, கீச்சென்று வைத்து, பேஸ்காரர் மைக் வாட்டுக்கு முழு இடத்தையும் விட்டுக்கொடுத்தார். தனியாகக் கேட்டால் அந்தக் கிதார் ஒல்லிதான். குழுவாகக் கேட்டால் ஓட்டை எங்கும் இல்லை.

மூவர் என்றாலே கிதார், பேஸ், டிரம்ஸ் என்பதுமில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் தொடங்கிய ஸ்லீட்டர்-கின்னி மூவராக இருந்த காலத்தில் இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், பேஸ் கிடையாது. கிதார்களை சி ஷார்ப் வரை இறக்கி ட்யூன் செய்து, ஒருவர் கீழே, ஒருவர் மேலே எனப் பின்னிக்கொண்டார்கள். மாசசூசெட்ஸின் மார்ஃபைனில் கிதாரே இல்லை: மார்க் சாண்ட்மன் இரண்டு ஸ்ட்ரிங் பேஸில் ஸ்லைடு வாசித்தார், டேனா காலி பாரிடோன் சாக்ஸ், கூடவே டிரம்ஸ். இந்தக் குழுக்களிலெல்லாம் யார் எந்த உயரத்தில் ஒலிப்பது என்று பிரித்துக்கொண்டுதான் வாசித்தார்கள். உங்கள் பத்துப் பாட்டில் ஒன்றிரண்டிலாவது கிதார் முதல் வெர்ஸ் முழுக்கச் சும்மா இருக்கட்டும். கோரஸ் தானாகப் பெரிதாகும்.

கெயின், அதாவது டிஸ்டார்ஷனை ஏற்றும் அளவு, பற்றி ஒரே விஷயம். மேடையில் வைக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கார்டு அடித்தால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் குறையுங்கள். டிஸ்டார்ஷன் என்பதே ஒரு கம்பிரஷன். அளவு மீறினால் மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒரே உயரத்தில் தட்டையாகிவிடும். இரண்டு டேக் (ஒரே பகுதியைத் தனித்தனியாக வாசித்த பதிவு) அடுக்கும்போது இரைச்சலும் இரட்டிப்பாகும் என்பதால் அங்கே இன்னும் கவனம்.

அடுக்குவதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வரலாம். நிர்வாணாவின் மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களே இதற்குப் போதும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு வழி. முதலாவது 'ப்ளீச்', சியாட்டிலின் ரெசிப்ரோகல் ஸ்டுடியோவில் ஜாக் எண்டினோ பதிவுசெய்தது, 1989 வெளியீடு; செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். உறையில் இரண்டாவது கிதார்காரராக அவர் பெயரும் படமும் இருக்கும். ஆனால் ஆல்பத்தில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அதாவது நாலு பேர் படம் போட்டு விற்ற அந்த ஒலி மூன்று பேருடையது. இரண்டாவது 'நெவர்மைண்ட்', 1991 மே, ஜூனில் கலிபோர்னியாவின் சவுண்ட் சிட்டியில் புட்ச் விக் பதிவு செய்து, ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்தது. கிதாரும் குரலும் இரட்டை டேக், அகலமான பளபளப்பு. குரலை இரண்டு முறை பாடப் பாடகர் கர்ட் கோபேன் முரண்டு பிடித்தபோது, ஜான் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லி விக் சம்மதிக்க வைத்த கதை பலரும் அறிந்தது. மூன்றாவது 'இன் யூட்டரோ', 1993 பிப்ரவரி, மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டுடியோ, ஸ்டீவ் அல்பினி. மூவரும் சேர்ந்து வாசித்தது, அடுக்கு குறைவு, டிரம்ஸைச் சுற்றி அறையின் ஒலியைப் பிடிக்க நிறைய மைக். அதிலும் இரண்டு பாட்டுகளைப் பிற்பாடு ஸ்காட் லிட்டிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள் என்பது, இந்த வாதம் அப்போதே முடியவில்லை என்பதற்குச் சாட்சி.

என் பரிந்துரை இரண்டுக்கும் நடுவில். வெர்ஸில் ஒரே கிதார், அதைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, அதே கிதாரை 2 - 3 மீட்டர் தள்ளி வைத்த அறை மைக்கால் பிடித்து வலப்பக்கம். கோரஸில் மட்டும் இரண்டாவது டேக்: முழு இடம், முழு வலம். இரண்டாவது டேக்கை நிஜமாகவே மறுபடி வாசிக்க வேண்டும். முதல் டேக்கை நகல் எடுத்து மறுபக்கம் வைத்தால் அது வெறும் மோனோ (இட, வல வித்தியாசம் இல்லாத ஒலி), சத்தம் மட்டும் கூடும். நகலைச் சில மில்லி செகண்ட் நகர்த்தினால் மோனோவில் கேட்கும்போது குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். இரண்டாவதுக்குக் கிதாரையோ பிக்கப்பையோ ஆம்பையோ மாற்றுங்கள், எதுவும் இல்லாவிட்டால் கார்டை வேறு இடத்தில் பிடியுங்கள். மூன்றாவது, நான்காவது அடுக்கு வேண்டாம். அதற்கு மேல் ஒவ்வொரு அடுக்கும் தட்டின் முனையைத்தான் மழுக்கும். தவிர, ஆல்பம் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மேடையில் அதைக் கொடுக்கவும் முடியாது.

ஆம்புக்கு மைக் வைப்பது: ஷூர் எஸ்எம்57 போதும். ஆம்பின் முன்துணியிலிருந்து 2 - 3 செ.மீ. தள்ளி, கோனின் நடு மூடி முடிந்து கூம்பு தொடங்கும் விளிம்பைப் பார்த்து வையுங்கள். நடுவுக்குப் போனால் கூர்மை, ஓரத்துக்குப் போனால் மந்தம். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஒலி வேறு. ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள். ஆம்பைத் தரையிலிருந்து ஒரு நாற்காலி உயரத்துக்குத் தூக்கினால் 100 - 200 ஹெர்ட்ஸ் குழப்பம் பாதி குறையும்.

டிரம்ஸுக்கு 12 மைக் வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். மூவர் குழுவில் டிரம்ஸைச் சுற்றி இருக்கும் காற்றுதான் இரண்டாவது கிதாரின் இடத்தை நிரப்புகிறது, அதனால் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் முறையில் நான்கு மைக்கே நன்றாக வரும்: கிக் ஒன்று, ஸ்னேர் ஒன்று, மேலே ஒன்று, ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) பக்கம் ஒன்று. கடைசி இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்க வேண்டும். கண்ணளவில் வேண்டாம், ஒரு கயிற்றின் நுனியை ஸ்னேர் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்க, மறுநுனியை இரண்டு மைக்குக்கும் கொண்டுபோய் அளந்துவிடுங்கள். தூரம் வேறுபட்டால் ஸ்னேர் ஒரு பக்கம் சாயும், உடலும் போய்விடும். ஐந்தாவது மைக் கிடைத்தால் அதை அறையின் கடைசியில், முழங்கால் உயரத்தில் வைத்து, மிக்ஸில் நன்றாகக் கம்பிரஸ் செய்து, கோரஸில் மட்டும் ஏற்றுங்கள்.

டிரம் தோல்களைப் பதிவுக்கு முதல் நாள் மாற்றுங்கள். அன்று காலை மாற்றினால் மாலை வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்னேர் ட்யூனை இரண்டு டேக்குக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நான்காவது பாட்டில் ஸ்னேர் வேறு மாதிரி ஒலித்தால் பிறகு டேக்குகளை வெட்டி ஒட்டவே முடியாது. ஸ்னேருக்கு ஒரு தோல் உபரியாக வாங்கி வையுங்கள்.

டிரம்ஸ்காரரிடம் சொல்லிப் பழக்க வேண்டிய பெரிய விஷயம்: டிரம்மை ஓங்கி, சிம்பலை மெல்ல. பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாக அடிப்பார்கள். கோரஸ் முழுக்கக் கிராஷ் சிம்பலிலேயே சவாரி செய்தால் 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை வெள்ளையடித்ததுபோல் ஒரே இரைச்சல். குரலின் மெய்யெழுத்துகள் அதில் மூழ்கிவிடும். சில கோரஸில் அந்தச் சவாரியை ஃப்ளோர் டாமுக்கு மாற்றிப் பாருங்கள். அடியும் கனக்கும், குரலுக்கும் வழி கிடைக்கும்.

எட்டு நாளைப் பங்கிடுவது. முதல் நாள் மைக் வைத்து ஒலி பிடிக்கவே போகும். மாலையில் மிதவேகப் பாட்டு ஒன்று முடிந்தால் நல்லது. இரண்டு முதல் நான்காம் நாள்வரை மீதி ஒன்பது பாட்டின் அடிப்படை டேக், நாளுக்கு மூன்று. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றாக வாசியுங்கள்; கிதார் ஆம்பை மட்டும் வேறு அறையில் அல்லது கனமான மெத்தைத் தடுப்புக்குப் பின்னால் வையுங்கள், வழிகாட்டிக் குரல் ஹெட்போனில் போகட்டும். பாட்டுக்கு நான்கு டேக் தாண்டினால் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை வாருங்கள். ஐந்தாவது, ஆறாவது டேக் சரியாக இருக்கும், உயிர் இருக்காது. டிரம்ஸுக்கு மிகக் கடினமான பாட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள்.

கிளிக் (ஹெட்போனில் ஓடும் தாள ஒலி) வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. நீங்கள் மேடையில் வாசித்த பதிவில் வெர்ஸ் நிமிடத்துக்கு 138 தட்டு, கோரஸ் 141 என்று ஓடியிருந்தால் கிளிக்கையும் அப்படியே எழுதுங்கள். சேர்ந்து வாசிப்பவர்கள் இயல்பாக ஏறும் இடத்தில் கிளிக் பிடித்து இழுத்தால் கோரஸ் தூங்கிவிடும்.

ஐந்தாம் நாள் பேஸ் திருத்தமும் கிதார் அடுக்கும். ஆறு முதல் எட்டுவரை குரல். கத்திப் பாடும் பாட்டு என்றால் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் தொண்டை தாங்காது. அதையும் அன்றைய கடைசிப் பாட்டாக வைக்க வேண்டும். கிதாரோடு பாடிப் பழகியவர் கிதார் இல்லாமல் மைக் முன்னால் நின்றால் சொற்கள் தாளத்தில் வழுக்கும். ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒரு துணியைச் செருகி ஒலியை அடக்கிவிட்டு, கிதாரைக் கையில் கொடுத்துவிடுங்கள். கை அடிக்கும், வாய் சரியான இடத்தில் விழும். குரலை இரட்டிப்பதாக இருந்தால் இரண்டாவதை 6 முதல் 10 டெசிபல் கீழே வைத்து, சொல் முடிவில் வரும் வல்லின ஓசைகளை அதில் விழுங்கிப் பாடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் 'டட்', 'கக்' என்று இரட்டையாகத் தெறிக்கும்.

ட்யூனிங்கை வழக்கம்போல் மெல்லத் தட்டிச் சரிபார்க்காதீர்கள். பாட்டில் எவ்வளவு ஓங்கி அடிப்பீர்களோ அப்படி அடித்துப் பாருங்கள், ஏனென்றால் ஓங்கி அடித்தால் சுரம் ஏறும். டிராப் டி பாட்டுகளுக்கு (ஆறாவது ஸ்ட்ரிங்கை டி வரை இறக்கியவை) 11 - 52 போன்ற தடித்த செட் போட்டு, 12ஆம் ஃபிரெட்டில் இன்டோனேஷன் (கழுத்து முழுக்கச் சுரம் சரியாக ஒலிப்பது) சரிசெய்துகொள்ளுங்கள். வெளி வெக்கையிலிருந்து ஏசி அறைக்குள் கொண்டுவந்த கிதாரை அரை மணி நேரமாவது பையிலிருந்து எடுத்து வைத்த பிறகே ட்யூன் செய்யுங்கள்.

ஹம் சத்தத்தையும் முதல் நாளே ஒழித்துவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 50, 100 இரண்டிலும் உறுமும். பெடல், ஆம்ப், இன்டர்ஃபேஸ் எல்லாம் ஒரே மின்வரிசையிலிருந்து எடுங்கள், டிம்மர் விளக்குகளை அணையுங்கள், சிங்கிள் காயில் பிக்கப் (ஹம்மை எளிதில் பிடிக்கும் வகை) உள்ள கிதார் என்றால் வாசிப்பவர் திரும்பி நிற்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முனையை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. ஸ்ட்ரிங்கில் கை, உதட்டில் மைக். ஆம்பில் கசிவு இருந்தால் உயிர் போகும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி இருந்தால் போதும், சிவப்பு வரை ஏற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு இரவும் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல்.

மிக்ஸிங்கில் கிதாரை 90 - 100 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். அது பேஸின் இடம். கோரஸைப் பெரிதாக்க அதன் சத்தத்தைக் கூட்டுவதை விட வெர்ஸை ஒடுக்குவது மேல்: வெர்ஸில் எல்லாம் நடுவை ஒட்டி, அறை மைக் அணைந்து, 1 டெசிபல் தாழ்வாக. நாளுக்கு இரண்டு தடவையாவது மோனோவில், பேச்சுக் குரலைவிடத் தாழ்ந்த சத்தத்தில் முழுப் பாட்டையும் கேளுங்கள். அந்தச் சத்தத்திலும் கார்டு மாற்றம் புரிந்தால் மிக்ஸ் நிற்கும்.

மாஸ்டரிங்கில் (மிக்ஸ் முடிந்த பின் செய்யும் கடைசித் திருத்தம்) சத்தப் போட்டி வேண்டாம். ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் (காதில் படும் சத்தத்தின் அளவை) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கிறது. மைனஸ் 7க்கு நசுக்கிக் கொடுத்தால் அது 7 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும். மைனஸ் 10 வாக்கில் நிறுத்தினால் ஸ்னேர் உயிரோடிருக்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபல். வினைல் எண்ணம் இருந்தால் பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டாமல் பாட்டு வரிசையை இப்போதே அமையுங்கள். பக்கத்தின் உட்சுற்றுகளில் கூர்மை மங்கும் என்பதால் சிம்பல் நிறைந்த பாட்டு அங்கே வேண்டாம்.

மேடையில் இதைத் திரும்பக் கொடுக்க, கிதார் சிக்னலை இரண்டு ஆம்புக்குப் பிரித்து அனுப்புங்கள்: ஒன்றில் டிஸ்டார்ஷன், இன்னொன்று ஏறக்குறைய சுத்தம், மேடையின் எதிர்ப்பக்கத்தில். பிரிக்கும் பாக்ஸில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாத மலிவான ஒன்றை வாங்கினால் இரண்டு ஆம்பின் எர்த்தும் வளையமாகி, நிகழ்ச்சி முழுக்க ஹம் கேட்கும்.

வெளியீட்டு வேலைகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நாள் கணக்கைத் தவிர. ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் (பதிவை அடையாளம் காட்டுவது) வேண்டும். பாட்டை ஆன்லைன் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் பெரும்பாலும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டைப் பரிந்துரைக்கு அனுப்பினால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு உறுதியாக வரும். ஒரு மாதம் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம் என்பதை மூவரும் மிக்ஸிங் தொடங்குவதற்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாஸ்டர் முடியும் அன்றே குரல் இல்லாத வடிவத்தையும், டிரம்ஸ், பேஸ், கிதார், குரல் எனத் தனித்தனி ஸ்டெம்களையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். விளம்பரமோ குறும்படமோ பாட்டைக் கேட்டு வரும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான், அதற்குள் ஸ்டுடியோ கணினியில் அந்த செஷன் திறக்குமா என்பது சந்தேகம்.